புத்தகம் பிறந்த கதையை எப்படிக் கேட்பது?

நாவல் எழுதியவரிடம் "இந்தக் கதை எப்படித் தோன்றியது?" என்று கேட்டால், அவர் என்ன பதில் சொன்னாலும் நமக்கு நஷ்டமில்லை. கனவில் வந்தது என்பார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்னது என்பார். அது பொய்யாகவே இருந்தாலும் நாவலில் ஒரு வரிகூட அதனால் கெட்டுப்போகாது. அபுனைவு நூல், அதாவது கற்பனை கலக்காமல் நடந்ததைச் சொல்லும் நூல், எழுதியவரிடம் இதே கேள்வியைக் கேட்டால் விவகாரம் வேறு. நான் அந்தச் சிறையில் இருந்தேன், அந்தக் குடும்பத்தோடு மூன்று வருடம் பழகினேன், அந்த ஆவணத்தை என் கண்ணால் பார்த்தேன் என்று அவர் சொல்வதை நம்பித்தான் புத்தகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் நம்புகிறோம். அந்தப் பேச்சு புத்தகத்துக்கு வெளியே, ஒரு மேடையிலோ நேர்காணலிலோ நடந்தாலும், புத்தகத்தின் சாட்சியங்களில் அதுவும் ஒன்று.

வெளியீட்டு விழா, இலக்கிய விழா, பாட்காஸ்ட், வாசகர் சந்திப்பு என்று எழுத்தாளர்கள் தங்கள் நூல்களுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் இடங்கள் பெருகிவிட்டன. எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஏன் எழுதினீர்கள்? கேட்க நன்றாக இருக்கும் கேள்வி, பதிலும் பெரும்பாலும் சுவையாகவே இருக்கும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு என்பது என் கட்சி. அதை மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்ற தயக்கத்தில் யாரும் நேராகக் கேட்பதில்லை: இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

முதலில் 'ஏன்' கேள்வியைப் பார்த்துவிடலாம். அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்புலகில் ஒரு நாவல், குறிப்பாகப் புதியவரின் நாவல், முழுதாக எழுதி முடித்த பிறகுதான் பதிப்பாளரிடம் போகும். அபுனைவு அப்படியில்லை. ஒரு முன்மொழிவும் மாதிரிக்கு ஒன்றிரண்டு அத்தியாயங்களும் இருந்தால் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும். அந்த முன்மொழிவில் பொருள் என்ன, அத்தியாயங்கள் எப்படிப் போகும், இதே விஷயத்தில் ஏற்கெனவே என்னென்ன நூல்கள் வந்திருக்கின்றன என்பதோடு, இதை எழுத நான்தான் தகுந்த ஆள் என்பதற்கான காரணமும் இருந்தாக வேண்டும். ஆக, புத்தகம் பிறந்த கதை பல சமயம் புத்தகம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. முன்பணம் வாங்குவதற்காக எழுதிய அந்தக் கதைதான் பிறகு பின்னட்டைக் குறிப்பாகவும், அதற்கப்புறம் மேடைப் பேச்சாகவும் ஆகிறது. இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஆனால், அந்த நிமிடத்தில் ஞாபகம் வந்ததுபோல ஒருவர் நம்மிடம் சொல்லும் சம்பவம் ஏற்கெனவே பலமுறை இஸ்திரி போட்டு மடித்து வைத்தது என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா ஸ்க்லூட்டை எடுத்துக்கொள்வோம். ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1951 அக்டோபர் 4 அன்று, 31 வயதில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவரைக் கேட்காமலேயே எடுத்த திசுவிலிருந்து வளர்ந்த 'ஹீலா' செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. இவரையும் இவருடைய குடும்பத்தையும் பற்றி ஸ்க்லூட் எழுதிய நூல் பத்து வருடத்துக்கும் மேற்பட்ட உழைப்புக்குப் பிறகு 2010இல் வந்தது. அது பிறந்த கதையைக் கேட்டால் ஸ்க்லூட் 16 வயதில் உட்கார்ந்திருந்த ஓர் உயிரியல் வகுப்பிலிருந்து தொடங்குவார். ஆசிரியர் கரும்பலகையில் ஹென்ரியட்டாவின் பெயரை எழுதுகிறார். கறுப்பினப் பெண் என்பதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல ஆசிரியரிடம் ஒன்றும் இல்லை. வகுப்பு முடிந்ததும் இந்த மாணவி பின்னாலேயே போய், அவருக்குக் குழந்தைகள் இருந்தார்களா, அவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்கிறாள்.

கச்சிதமான தொடக்கம். ஆனால் நேர்காணல்களில் ஸ்க்லூட் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய அதே சமயத்தில் அவருடைய அப்பா ஒரு வைரஸ் தொற்றால் மூளை பாதிக்கப்பட்டு, ஒரு மருந்துச் சோதனையில் சேர்க்கப்பட்டிருந்தார். அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டுபோன மகள்தான் இந்த மாணவி. வகுப்பில் இருந்த மற்றவர்களுக்குத் தோன்றாத கேள்வி இவளுக்கு மட்டும் ஏன் தோன்றியது என்பதற்கு இந்த இரண்டாவது கதையில்தான் விடை இருக்கிறது. ஆராய்ச்சிக்கு உட்பட்ட உடம்பின் சொந்தக்காரரைவிட, அவருடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதில் முதலில் கவனம் போனதற்கு அதுதான் காரணம்.

'எப்படி' என்பதற்கு வந்தால், ஹென்ரியட்டாவின் மகள் டெபோராவின் நம்பிக்கையைப் பெறவே ஸ்க்லூட்டுக்கு மாதக்கணக்கில் ஆனது. முன்பும் பலர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள், குடும்பம் சலித்துப்போயிருந்தது. கடைசியில் டெபோராவும் அவருடைய சகோதரரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தாயின் செல்களை முதல்முறை பார்க்கும்போது ஸ்க்லூட் உடன் இருந்தார். உறைபெட்டியிலிருந்து எடுத்த சிறு குப்பியைக் கையில் வாங்கிய டெபோரா, அம்மாவுக்குக் குளிர்கிறது என்று அதன்மேல் வாயால் ஊதினார். இதை எழுதும்போது 'நான் அங்கே இருந்தேன்' என்பதை மறைத்தால் வாசகருக்குச் சந்தேகம்தான் மிஞ்சும். முதலில் தன்னைப் புத்தகத்துக்குள் கொண்டுவரவே விரும்பாத ஸ்க்லூட், பிறகு தன்னையும் ஒரு பாத்திரமாகச் சேர்த்துக்கொண்டதில் இந்த நேர்மைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். டெபோரா எப்படி நடந்துகொண்டார் என்பதில் பாதி, கேள்வி கேட்க வந்த இந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதுதானே.

சொந்த வாழ்க்கையையே எழுதுபவர்களின் விஷயம் இன்னும் சிக்கல். அவர்கள் கையில் இருக்கும் முதல் ஆவணமே ஞாபகம். அந்த ஞாபகத்தைப் புத்தகமாக எழுதி, அப்புறம் புத்தகத்தைப் பற்றி ஐம்பது மேடைகளில் பேசினால் என்ன ஆகும்?

இதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் இத்தாலிய வேதியியலாளர் பிரைமோ லெவி. நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பி, அதைப் பற்றி எழுதிய முதல் நூலை 1947இல் ஒரு சிறிய பதிப்பகம் 2,500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டது. முதலில் மறுத்த பெரிய பதிப்பகம் 1958இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. பிறகு அது பாடசாலைகளுக்குள் போனது. லெவியும் போனார், பல வருடங்கள், பள்ளி பள்ளியாக. பிள்ளைகள் கேட்ட கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தன. ஜெர்மானியர்கள்மேல் உங்களுக்கு ஏன் வெறுப்பில்லை? அங்கே நடந்தது சாதாரண ஜெர்மானியர்களுக்குத் தெரியுமா? ஏன் தப்பிக்கவில்லை, ஏன் எதிர்த்துக் கலகம் செய்யவில்லை? 1976இல் வந்த பள்ளிப் பதிப்பில் இந்தக் கேள்விகளையும் தன் பதில்களையும் ஒரு பின்னிணைப்பாகவே சேர்த்துவிட்டார்.

தப்பிப்பதைப் பற்றிய கேள்வியை ஒட்டி லெவி தன் கடைசி நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஐந்தாம் வகுப்பில் பேசப் போனபோது ஒரு கெட்டிக்காரப் பையன் முகாமின் வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னான். காவல் கோபுரம் எங்கே, கதவு எங்கே, முள்வேலி எங்கே, மின்சார நிலையம் எங்கே என்று லெவி ஞாபகத்திலிருந்து போட்டார். பையன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்து யோசித்துவிட்டு, ராத்திரியில் காவலாளியின் கழுத்தை அறுத்து, அவன் உடுப்பைப் போட்டுக்கொண்டு, மின்சாரத்தைத் துண்டித்து வெளியே போயிருக்கலாம் என்று முழுத் திட்டமும் சொன்னான். கடைசியில் ஓர் ஆலோசனையும் கொடுத்தான்: இன்னொரு தடவை இப்படி நேர்ந்தால் நான் சொன்னபடி செய்யுங்கள். லெவி இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. நடந்ததற்கும் கேட்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் சினிமாவுக்கும் உள்ள இடைவெளி வருடத்துக்கு வருடம் அகலமாகிறது என்பதுதான் அவருடைய கவலை.

அதே நூலில், 1986இல், அவர் எழுதிய இன்னொன்று இந்தக் கட்டுரைக்கு நேரடியாக வேண்டியது. அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் நினைவு, கதை வடிவில் இறுகிப்போய், மெருகேறி, அலங்காரம் சேர்ந்து, மூல நினைவு இருந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும் என்கிறார். அவுஷ்விட்ஸைப் பற்றித் தன் வாழ்நாள் முழுக்கப் பேசிய மனிதர், தன் சொந்தச் சாட்சியத்தின்மேலேயே வைக்கும் எச்சரிக்கை இது. நினைவு பற்றிய ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. உல்ரிக் நைஸர், நிக்கோல் ஹார்ஷ் என்ற உளவியலாளர்கள் மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார்கள். ஏறத்தாழ இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே திரும்பக் கேட்டார்கள். நால்வரில் ஒருவருக்கு முக்கியமான எல்லா விவரமும் தவறு. சொன்ன தொனியில் மட்டும் சந்தேகமே இல்லை. அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

அதனால்தான், தன் அனுபவத்தைத் தங்குதடையில்லாமல், சரியான இடத்தில் நிறுத்தி, சரியான இடத்தில் குரல் தழுதழுக்கச் சொல்லும் எழுத்தாளரைவிட, "அது செவ்வாயா புதனா என்று இப்போதும் எனக்கும் தங்கைக்கும் சண்டை" என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

டாரா வெஸ்ட்ஓவர் இந்தத் தயக்கத்தைப் புத்தகத்துக்குள்ளேயே அச்சிட்டுவிட்டார். அமெரிக்க மலைப்பகுதி ஒன்றில், பள்ளிக்கூடமே போகாமல் வளர்ந்த அவருடைய தன்வரலாறு 2018இல் வந்தது. அண்ணன் காலில் தீப்பிடித்த நாளைப் பற்றி எழுதும் இடத்தில், அங்கே யார் இருந்தார்கள், யார் என்ன செய்தார்கள் என்பதில் உடன்பிறந்தவர்களின் நினைவு தன் நினைவோடு ஒத்துப்போகவில்லை என்று அடிக்குறிப்பும் பின்குறிப்பும் போட்டிருக்கிறார். சிலர் இதைப் பலவீனம் என்பார்கள். எனக்கு இது எதிராளிக்கும் புத்தகத்தில் ஒரு நாற்காலி போட்ட மாதிரிதான் படுகிறது.

ஜோன் டிடியன் வேறு வழியில் போனார். 2003 டிசம்பர் 30 இரவு, சாப்பாட்டு மேசையில் கணவர் சரிந்து விழுந்தார். அந்த மரணத்தைப் பற்றி எழுதும்போது தன் ஞாபகத்தை மட்டும் அவர் நம்பவில்லை. குடியிருப்புக் கட்டடத்தின் வாசலில் காவலர்கள் வைத்திருந்த பதிவேட்டை எடுத்து, மருத்துவ உதவியாளர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று பார்த்தார். பத்திரிகைக்காரப் புத்தி என்று சொல்லிவிடலாம். துக்கத்தில் காலம் எப்படிக் குழம்பும் என்பதைச் சொல்லவும் ஒரு கடிகாரம் தேவைப்படுகிறது என்றும் சொல்லலாம்.

தமிழில் உ.வே. சாமிநாதையர். 84 வயதுக்குமேல், 1940இல், ஆனந்த விகடனில் வாரவாரம் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முடியாமலே நின்றது. சேலம் இராமசுவாமி முதலியாரைக் கும்பகோணத்தில் முதல்முறை சந்தித்த இடம் பலருக்கு நினைவிருக்கும். இவர் தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டு இவரைத் திகைக்கவைக்கிறார். ஏழு வருடம் கழித்து, 1887இல், சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. இதுவும் ஒரு 'ஏன்' கதைதான், அதுவும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலேயே புகழ்பெற்ற கதை. நான் கவனிப்பது வேறொன்றை. அந்தச் சந்திப்பு 21-10-1880, வியாழக்கிழமை என்று அறுபது வருடம் கழித்து எழுதுகிறார். வந்த கடிதங்களையும் தாள்களையும் ஆயுள் முழுக்கப் பத்திரப்படுத்தியவர் அவர். அந்தப் பழக்கம் உள்ளவர் தேதி சொன்னால் அதற்கு ஒரு எடை இருக்கிறது.

காந்தி இதற்கு நேர் எதிர்முனை. 1925 முதல் 1929 வரை நவஜீவன் இதழில் வாரவாரம் எழுதிய சத்திய சோதனையில், தன்னிடம் நாட்குறிப்போ ஆவணங்களோ இல்லை, எழுதும் நேரத்தில் உள்ளே தோன்றுவதையே எழுதுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். இதுவும் 'எப்படித் தெரியும்' என்பதற்கு ஒரு பதில்தான். இருக்கும் ஆதாரம் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் வாசகர் அதற்கேற்பப் படித்துக்கொள்வார்.

அடுத்தவர் வாழ்க்கையை எழுதியவர்களில், இந்தக் கேள்விக்கு நான் படித்தவரை நிறைவாகப் பதில் சொன்னவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் கேத்தரின் பூ. மும்பை விமான நிலையத்தை ஒட்டிய அன்னவாடி குடிசைப்பகுதியில் 2007 நவம்பரிலிருந்து 2011 மார்ச் வரை போய்வந்து அவர் எழுதிய நூல் 2012இல் வெளியானது. நாவல்போல ஓடும் எழுத்து. உள்ளே எங்கேயும் 'நான்' கிடையாது. மனிதர்கள் மனதில் என்ன நினைத்தார்கள் என்பதுகூட எழுதப்பட்டிருக்கும். படிக்கும்போதே 'இது எப்படி இவருக்குத் தெரியும்?' என்று அரித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் வரும் ஆசிரியர் குறிப்பில்தான் கணக்கை ஒப்படைக்கிறார்.

அங்கே முதலில் ஒரு 'ஏன்' கதை இருக்கிறது, வேடிக்கையான கதை. உடல்நலம் சரியில்லாதவர், மும்பைக் குடிசைப்பகுதியில் வருடக்கணக்கில் அலைய முடியுமா என்று தயங்கிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் இரவு வாஷிங்டனில் தன் வீட்டிலேயே, தனியாக இருக்கும்போது, ஒரு தடித்த அகராதி தடுக்கி விழுகிறார். மூன்று விலா எலும்பு முறிந்து, நுரையீரலில் ஓட்டை. தொலைபேசி வரை நகரக்கூட முடியாமல் கிடக்கும்போது, வீட்டில் இருந்தால் பத்திரம் என்பதே ஒரு மூடநம்பிக்கைதான் என்று முடிவுக்கு வருகிறார். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

ஆனால் குறிப்பின் கனம் அடுத்த பக்கங்களில் இருக்கிறது. எழுத்துக் குறிப்பு, ஒலிப்பதிவு, வீடியோ, புகைப்படம் எல்லாம் உண்டு. சிறிய வீடியோ கேமராவை அன்னவாடிப் பிள்ளைகளே கையாளக் கற்றுக்கொண்டு படம் பிடித்திருக்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வருடக்கணக்கில் மனுப்போட்டு வாங்கியவையும் சேர்த்து 3,000க்கும் மேற்பட்ட அரசு ஆவணங்கள். ஒரு பெண் தீக்குளித்த சம்பவத்துக்காக மட்டும் 168 பேரிடம் திரும்பத் திரும்ப விசாரணை, அதோடு காவல்துறை, மருத்துவமனை, பிணவறை, நீதிமன்றப் பதிவுகள். ஒருவர் நினைத்தார் என்று எழுதியிருந்தால், அந்த நினைப்பை அவரே பூவிடமோ மொழிபெயர்ப்பாளரிடமோ அல்லது இவர்கள் முன்னிலையில் வேறொருவரிடமோ சொல்லியிருக்கிறார். குப்பை வாங்கி விற்கும் பையன் ஒருவன் ஒரு கட்டத்தில் பொறுமையிழந்து, மூன்று தடவை சொல்லியாயிற்று, கம்ப்யூட்டரில் ஏற்றியும் விட்டீர்கள், உங்களுக்கு மண்டையில் ஏறாதா என்கிற மாதிரி கேட்டுவிடுகிறான். தன் புத்தகத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எந்த எழுத்தாளருக்கும் கிடைக்காது. ஒரே கேள்வியை நான்காவது தடவை கேட்டிருக்கிறார் என்பதற்கு அந்தப் பையனே சாட்சி.

ட்ரூமன் கபோட்டியின் கதை இதற்குத் தலைகீழ். கான்சாஸ் மாநிலத்தில் 1959 நவம்பரில் ஒரு விவசாயியும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொலையான வழக்கைப் பற்றி அவர் எழுதிய நூல் 1966இல் வந்தபோது, அதோடு சேர்ந்து அது உருவான விதமும் பெரிய செய்தியானது. பேட்டியின்போது குறிப்பு எடுக்கமாட்டேன், டேப் ரெக்கார்டரும் கிடையாது, கேட்டதைப் பிறகு 95 சதவீதம் போலச் சரியாக எழுதிவிடும்படி நினைவைப் பழக்கியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். புத்தகத்தில் உள்ள ஒவ்வொன்றும் உண்மை என்றும் அடித்துச் சொன்னார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதே வருடமே எஸ்குவயர் இதழில் ஃபிலிப் டாம்ப்கின்ஸ் என்பவர் கான்சாஸுக்குப் போய் விசாரித்து எழுதிய கட்டுரை, பல இடங்களில் புத்தகத்துக்கும் நடந்ததற்கும் பொருத்தமில்லை என்று காட்டியது. கல்லறையில் துப்பறியும் அதிகாரியும் கொலையுண்ட பெண்ணின் தோழியும் சந்திப்பதாக வரும் இறுதிக் காட்சி நடக்கவே இல்லை என்பதும் பின்னால் வெளிவந்தது. 95 சதவீதம் என்ற எண்ணை யார் அளந்தது? எதை வைத்து? அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் குறைவு. அது பதிலாக இல்லாமல் ஒரு வித்தை காட்டலாக இருந்ததால், எல்லோரும் வேடிக்கை பார்த்துவிட்டார்கள்.

ஜேம்ஸ் ஃப்ரே விஷயம் இன்னும் எளிது. போதையிலிருந்து மீண்டதைப் பற்றிய அவருடைய 2003ஆம் வருட நூல், 2005இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய புத்தகக் குழுவுக்குத் தேர்வாகி விற்பனையில் எங்கேயோ போனது. 2006 ஜனவரியில் ஒரு புலனாய்வு இணையதளம் காவல்துறைப் பதிவுகளைத் தேடிப்பார்த்தது. 87 நாள் சிறையில் இருந்ததாகச் சொன்னவர் இருந்தது சில மணி நேரம். அதே மாதம் அதே நிகழ்ச்சிக்கு மீண்டும் அழைக்கப்பட்டு, நேரலையில் ஓப்ராவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. புத்தகத்தை வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரவும் பதிப்பகம் முன்வந்தது.

பின்யமின் வில்கொமிர்ஸ்கி விவகாரம் அவ்வளவு எளிதில் முடிக்கக்கூடியது அல்ல. சிறு குழந்தையாக நாஜி முகாம்களில் இருந்ததாக 1995இல் அவர் எழுதிய நூல் பரிசுகள் வாங்கியது. அவரும் பல இடங்களுக்குப் போய்ப் பேசினார். 1998இல் டேனியல் கன்ஸ்ஃப்ரீட் என்ற பத்திரிகையாளர் கேள்வி எழுப்பினார். பிறகு அந்த நூலின் இலக்கிய முகவர் நிறுவனம் நியமித்த வரலாற்றாய்வாளர் ஸ்டெஃபான் மேக்லர் நடத்திய விசாரணையில், அவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, அங்கேயே தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை என்பது உறுதியானது. அவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, தானே நம்பிவிட்டாரா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. லெவி சொன்ன எச்சரிக்கையின் மிகக் கோரமான எல்லை இது. அங்கே மூல நினைவே கிடையாது, அதன் இடத்தில் உட்கார்ந்த கதை மட்டும் இருக்கிறது. அவர் பேச்சைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். முகாமில் இருந்தேன் என்று சொல்லும் ஒருவரிடம் ஆதாரம் கேட்பது எவ்வளவு அசிங்கமாகத் தோன்றும்! அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் பார்வையாளர் அல்ல, பதிப்பாசிரியர். அச்சுக்குப் போகும் முன்பே.

பிரபலங்களின் தன்வரலாறுகளை வேகமாகக் கடந்துவிடலாம். மேடையில் பேசுபவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர். டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் 2009ஆம் வருட நூலையும் இளவரசர் ஹாரியின் 2023ஆம் வருட நூலையும் எழுதிக்கொடுத்தவர் ஜே.ஆர். மோரிங்கர் என்பது ஊரறிந்த விஷயம். அகாசி அட்டையில் பெயர் போடலாம் என்று சொல்லியும் வேண்டாம் என்றவர் அவர். இதில் ஒளிவுமறைவு இல்லாதவரை பெரிய குற்றமில்லை.

கடைசியாக, மேடையில் இல்லாதவர்கள். எந்த அபுனைவு நூலிலும் எழுத்தாளரைத் தவிர வேறு மனிதர்கள் இருப்பார்கள். புத்தகம் பிறந்த கதையை எழுத்தாளர் சொல்லும்போது அவர்களும் அந்தக் கதையில் வருகிறார்கள், ஆனால் ஒலிவாங்கி அவர்களிடம் இல்லை. மேரி கார் தன்வரலாறு எழுதும்போது, அதில் வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, கைப்பிரதியையும் அனுப்பிப் படிக்கச் சொல்பவர். எல்லோரும் அப்படியில்லை. ஜோ மக்கின்னிஸ் 1979இல், மனைவியையும் இரண்டு மகள்களையும் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட மருத்துவர் ஜெஃப்ரி மக்டானல்டின் வழக்கறிஞர் குழுவோடு சேர்ந்து தங்கி, வருமானத்தில் பங்கு என்ற ஒப்பந்தத்தோடு வழக்கைக் கவனித்தார். இவர்தான் கொன்றார் என்று தன் மனதில் உறுதியான பிறகும், சிறையில் இருந்தவருக்கு நண்பனாகவே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1983இல் புத்தகம் வந்தபோதுதான் மக்டானல்டுக்கு விஷயம் தெரிந்தது. வழக்குப் போட்டார். ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் போக, 325,000 டாலருக்குச் சமரசம் ஆனது. தண்டனை பெற்ற கொலையாளியின் பக்கம் ஜூரிகளில் பெரும்பாலோர் சாய்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இதை வைத்து ஜேனட் மால்கம் எழுதிய நூல் இன்றும் பத்திரிகையாளர்களுக்கு எரிச்சலூட்டிக்கொண்டிருக்கிறது.

பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' 1992இல் வந்தபோது நடந்தது வேறு மாதிரி. கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து, பிழைப்புக்கும் மன அமைதிக்கும் திண்டாடிய நாட்களில் தன்னை ஆற்றிக்கொள்ள எழுதியது அது என்று பாமா பலமுறை சொல்லியிருக்கிறார். அதோடு, அதைப் படித்தும் கேட்டும் சொந்த ஊர் மக்களே கோபப்பட்டதையும், சில காலம் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததையும், பிறகு அவர்கள் புரிந்துகொண்டதையும் மறைக்காமல் சொல்கிறார். தன் வாழ்க்கை என்று நினைத்து எழுதியது ஊர் முழுவதின் வாழ்க்கையாகவும் இருந்துவிடுகிறது. தன்வரலாற்றில் தனியாக 'தன்' என்று பிரித்தெடுக்க முடிவதில்லை.

பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸிவிச்சுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது, ஏறக்குறைய முழுக்க மற்றவர்களின் குரல்களால் ஆன நூல்களுக்காக. ஆப்கானிஸ்தானிலிருந்து துத்தநாகச் சவப்பெட்டிகளில் திரும்பிய சோவியத் சிப்பாய்களைப் பற்றிய நூலுக்காக, அவரிடம் பேசிய சிப்பாய்களும் தாய்மார்களும் சிலர் மின்ஸ்க் நகரில் வழக்குத் தொடுத்தார்கள். நாங்கள் சொன்னது இப்படியில்லை, எங்கள் பிள்ளைகளை அவமதித்துவிட்டீர்கள் என்றார்கள். தாய்மார்களுக்குப் பின்னால் யாருடைய தூண்டுதல் இருந்தது என்ற சந்தேகம் அன்றே எழுந்தது. ஆனால் அவருடைய நூல்களில் ஒரே மனிதரின் வாக்குமூலம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதைப் பிற்கால ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அலெக்ஸிவிச் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த நூலின் பிந்தைய பதிப்புகளில், நீதிமன்றத்தில் நடந்த விவாதங்களையும் தனக்கு எதிராக வந்த வார்த்தைகளையும் சேர்த்து அச்சிட்டார். இப்போது அந்தப் புத்தகத்தை வாங்குபவர் முதலில் அந்தத் தாய்மார்கள் ஒலிப்பதிவுக் கருவியின் முன் பேசியதைப் படிக்கிறார். பிறகு பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனால், சிலர் நீதிபதியின் முன் நின்று அதை மறுப்பதையும் படிக்கலாம்.